தெரிந்தே எழுதிய தப்பு

காலிங் பெல்லை அடித்த பிறகுதான் ஹர்ஷவர்தன் கதவைப் பார்த்தான். பிள்ளையார் ஸ்டிக்கர். அவன் வீட்டுக் கதவில் ஸ்டிக்கரே கிடையாது.

நழுவிவிடலாமா என்று யோசிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. கையில் கரண்டியோடு நின்ற அம்மாள் முதலில் அவன் மார்பைத்தான் பார்த்தாள். அவள் கண்ணுக்கு நேராக இருந்தது அதுதான். பிறகு அண்ணாந்து முகத்தைப் பார்த்தாள். இரண்டு இடத்தில் திசை மாறிய மூக்கு, இடது புருவத்தைப் பாதியாக அறுத்த தழும்பு, முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இருட்டு. கரண்டி மெல்ல உயர்ந்தது.

"சாரி ஆன்ட்டி. டி டவர்னு நினைச்சேன்."

"இது பி," என்றாள் அந்த அம்மாள். கதவைச் சாத்திய வேகத்தில் பிள்ளையாரே அதிர்ந்தார்.

கீழே செக்யூரிட்டி ராமதாஸ் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தார்.

"இன்னா சார், மறுபடியும் பி-யா? உங்க வூடு டி-ல கீது. அந்தாண்ட."

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குண்ணா."

"அத்த சொல்லு. கட்னவனே வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான். போன வாரம் எஃப்-ல ஒரு ஐ.டி. சாரு அடுத்தவன் வூட்ல பூந்து ஃபிரிட்ஜத் தொறந்துகினு நின்னாரு. நீ பரவால்ல, பெல்லு அட்ச்சிட்டு கேக்கற."

ஹர்ஷாவும் சிரித்து வைத்தான். கேளம்பாக்கத்தில் அவனுக்கு இது ஒரு பெரிய சௌகரியம். ஆறு டவர், ஒரே மஞ்சள், ஒரே ஜன்னல், ஒரே லிஃப்ட். வழி தெரியாமல் நிற்கிறவனை இங்கே யாரும் நோயாளி என்று நினைப்பதில்லை. மே மாதக் கத்திரி வெயிலில் வந்து இறங்கியதிலிருந்து இந்த ஆகஸ்ட் வரை அவன் எத்தனை முறை தொலைந்து போனான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்கும் சரியாகத் தெரியாது.

ஹர்ஷாவின் தொழில், அடிப்பது.

இதை அக்கம்பக்கத்தில் சொல்ல முடியாது என்பதால் அம்மா கல்யாணி "ஸ்போர்ட்ஸ் லைன்ல இருக்கான்" என்று சொல்லி வைத்திருந்தாள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஜெபகுமார் ஒருநாள் லிஃப்டில் விசாரித்தார். ஹாக்கி என்றதும் இந்தியா டீமா என்று கேட்டார். இல்லை, கனடாவில், ஐஸ் ஹாக்கி. ஐஸ் மேலே எதற்கு சார் ஆடவேண்டும், வழுக்காதா என்றார். வழுக்கும், அதுதான் ஆட்டமே என்றான் ஹர்ஷா. ஜெபகுமார் தன் மாடி வந்ததும் நிம்மதியாக இறங்கிக்கொண்டார்.

நான்கு வயதில் அப்பா ராஜகோபாலனின் வேலையோடு கனடா போனவன் ஹர்ஷா. தெருவில் எல்லாப் பையன்களும் பனிச்சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு ஆடியதால் அவனும் ஆடினான். கை அப்படி ஒரு கை அவனுக்கு. கறுப்பு ரப்பர் வட்டை ஸ்டிக்கின் நுனியில் ஒட்டவைத்தது மாதிரி கொண்டுபோவான். பதினாறு வயதில் ஒரே கோடையில் ஒரு முழம் வளர்ந்து தொலைத்தான். கோச் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: கோல் போடுகிறவன் ஊருக்குப் பத்துப் பேர் கிடைப்பான், உன்னைப் பார்த்தால் பயம் வருகிறது, அது எல்லோருக்கும் வராது.

அன்றிலிருந்து அவன் காவல்காரன். அணியில் திறமைசாலி ஒருவன் இருப்பான், பொடியன், வேகக்காரன். அவனை எதிரணி ஆள் யாராவது சுவரோடு சேர்த்து இடித்தால் ஹர்ஷா பெஞ்சிலிருந்து எழுந்து போவான். அதற்கென்று ஒரு மரியாதை உண்டு. இடித்தவன் எதிரே போய் நிற்க வேண்டும். "போகலாமா?" என்று கேட்க வேண்டும். அவன் தலையாட்டினால் இரண்டு பேரும் கையுறையை உதறிவிட்டு வெறும் முஷ்டியால் அடித்துக்கொள்ள வேண்டும். நடுவர் இரண்டு பேரையும் ஐந்து நிமிஷம் ஓரமாக உட்கார வைப்பார். அடி வாங்கிய இடம் வலிக்கிறது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னவன் அடுத்த சீசனில் இருக்க மாட்டான்.

மலையடிவாரத்து ஒரு சின்ன ஊரின் தொழில்முறை அணி அது. நான்காயிரம் பேர் உட்காரும் அரங்கம். ஹர்ஷா பெஞ்சை விட்டு எழுந்தால் நான்காயிரம் பேரும் எழுவார்கள். இங்கே லிஃப்டில் ஏறினால் இருக்கிற மூன்று பேரும் இறங்கிவிடுகிறார்கள்.

கடந்த மார்ச்சில் லூகாவை ஒருவன் இடித்தான். லூகா இருபத்திரண்டு வயது, இப்போதைய பொடியன், ஹர்ஷாவின் பொறுப்பு. ஹர்ஷா எழுந்து போனான். போகலாமா என்று கேட்டான். போகலாம் என்றான் மலை மாதிரி இருந்த அவன். பிடித்துக்கொண்டு சுழன்றதில் ஹெல்மெட் கழன்றது, கால் வழுக்கியது, அந்த மலை அவன் மேலேயே விழுந்தான். பின்மண்டை ஐஸில் மோதிய சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். ஹர்ஷாவுக்கு அரங்கத்தின் கூரை விளக்குகள் மட்டும்தான் நினைவு. அவை இரண்டிரண்டாகத் தெரிந்தன.

அவன் எழுந்து நடந்தான். அது முக்கியம். நான்காயிரம் பேர் கைதட்டினார்கள்.

இப்போது வயது முப்பத்தொன்று. செப்டம்பரில் பயிற்சி முகாம். அணியின் டாக்டர் ஹோல்ம் ஒரு தேர்வு வைப்பார். அதில் தேறினால் இன்னொரு சீசன். தேறாவிட்டால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது, வேறு ஆள் தெரியாது, மலையடிவாரத்து அந்த ஊரைவிட்டால் அவன் பெயர் தெரிந்த ஊரும் கிடையாது.

அந்தத் தேர்வைப் பற்றி ஹர்ஷாவுக்குக் கவலையே இல்லை. காரணம் இருந்தது.

தேர்வு என்பது கம்ப்யூட்டரில் வரும் சின்ன விளையாட்டு. திரையில் சில சொற்கள் வரும், மறையும். பிறகு எவை வந்தன என்று சொல்ல வேண்டும். வடிவங்கள் வரும், நிறங்கள் வரும், சரியான நேரத்தில் விசையைத் தட்ட வேண்டும். ஒவ்வொரு சீசன் தொடங்கும்போதும், தலை நன்றாக இருக்கும்போதே, எல்லோரும் ஒருமுறை எழுதிவிட வேண்டும். அது அவரவர் அளவு. நடுவில் தலையில் அடிபட்டால் மறுபடி எழுத வேண்டும். பழைய அளவைத் தொட்டுவிட்டால் தலை சரியாகிவிட்டது, ஆடப் போகலாம்.

உடைமாற்றும் அறையில் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்து ரொம்ப காலமாகிறது. முதல் தேர்வைத் தெரிந்தே தப்பாக எழுது. தெரிந்த சொல்லைத் தெரியாது என்று சொல். விசையை அரை நொடி தாமதமாகத் தட்டு. ரொம்பவும் முட்டாளாகவும் தெரியக்கூடாது, டாக்டருக்குச் சந்தேகம் வரும். சுமாரான முட்டாள். பிறகு என்ன அடி வாங்கினாலும் அந்தச் சுமார் முட்டாளின் அளவைத் தொட்டுவிடலாம். மூத்தவர்கள் ஹர்ஷாவுக்குச் சொன்னார்கள். ஹர்ஷா ஏழு சீசன் அதைச் செய்தான். அவனைப் போலச் சுத்தமாகத் தப்பு செய்ய ஆளில்லை என்று பெயரே வாங்கியிருந்தான்.

ஆகவே, வெயிலில் கண் கூசினாலும், மிக்ஸி சத்தத்தில் தலைக்குள் யாரோ ஆணி அடித்தாலும், பி டவரும் டி டவரும் குழம்பினாலும் அவன் அசரவில்லை. பத்துக்கு ஆறு எடுத்தால் போதுமென்று அவனே ஏற்பாடு செய்து வைத்த தேர்வு அது.

ஹோல்ம் தேதி அனுப்பினார். வியாழக்கிழமை, அவர்களுக்குக் காலை, இங்கே சாயங்காலம் ஏழரை. அறையில் மேற்பார்வைக்குப் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் மறுநாள் மெயிலில் உறுதி சொல்ல வேண்டும். வீட்டில் இருந்த ஒரே பெரியவர் கல்யாணிதான்.

கனடாவில் இருபது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் அவள். கணவர் மாரடைப்பில் போன பிறகு, அவர் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த இந்த ஃபிளாட்டுக்குத் தனியாக வந்து சேர்ந்தாள். இப்போதும் லேப்டாப்பில் அங்கேயுள்ள பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். மகனின் ஆட்டத்தை அவள் பார்த்து பதினைந்து வருஷமாகிறது. அவன் முதன்முதலாகக் கையுறையை உதறிய அன்று பாதியில் எழுந்து வெளியே போனவள், திரும்ப அரங்கத்துக்குள் வரவே இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசியதும் இல்லை.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் அவனைத் திருவிடந்தைக்கு அழைத்துப் போனாள். நித்ய கல்யாணப் பெருமாள் கோயில். கல்யாணமாகாதவர்கள் மாலை வாங்கிக்கொண்டு போவார்கள். அர்ச்சனையானதும் பட்டர் ஒரு மாலையைத் திருப்பிக் கொடுப்பார். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தை ஒன்பது முறை சுற்ற வேண்டும். மாலையை வீட்டிலேயே பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் முடிந்ததும் ஜோடியாக வந்து திருப்பிச் செலுத்த வேண்டும்.

தழும்பும் கோணல் மூக்குமாக, கழுத்தில் மாலையோடு அவன் சுற்றியதை வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மாப்பிள்ளைகளில் இப்படியும் ஒரு ரகமா என்று ஒரு பாட்டியம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது அவன் காதில் விழுந்தது. கல்யாணி நிழலில் தூணோடு உட்கார்ந்திருந்தாள். ஹர்ஷா சுற்றினான். கால் சுட்டது. சுற்றிக்கொண்டே இருந்தான். அவனுக்குப் பின்னால் தொடங்கிய பையன் முடித்துவிட்டுத் தேங்காய் மூடியோடு வெளியே போனான். அவனுக்குப் பின்னால் வந்த பெண்ணும் போய்விட்டாள்.

"ஹர்ஷா."

நின்றான். அம்மா எழுந்து வந்து அவன் முழங்கையைத் தொட்டாள்.

"போதும்டா. முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு."

"தெரியும்மா. எக்ஸ்ட்ரா புண்ணியம்."

அவள் சிரிக்கவில்லை. அவன் சிரித்தான். அவன் சிரித்ததை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள். மாலையைக் கொண்டுவந்து பூஜை அலமாரி ஆணியில் மாட்டினாள்.

வியாழக்கிழமை மழை வருவது போல் புழுங்கிற்று. லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு கல்யாணி எதிரே உட்கார்ந்தாள். திரையில் ஹோல்ம் வந்தார், அம்மாவுக்கு வணக்கம் சொன்னார், நிபந்தனைகளை வாசித்தார், மறைந்தார். சொற்கள் வரத் தொடங்கின.

முதல் சில சொற்களிலேயே ஹர்ஷாவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. இத்தனை வருஷமும் இந்த இடத்தில் அவன் வேலை வேறு: தெரிந்ததில் எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பது. இன்று விடுவதற்கு எதுவும் கையில் இல்லை. சொற்கள் வந்தன, ஈரத் தரையில் காலடி காய்வது போல் ஓரத்திலிருந்து மறைந்தன. ஏணி என்று ஒன்று வந்ததா? வாளி? அவன் முன்னால் குனிந்தான். பல்லைக் கடித்தான். வடிவங்கள் வந்தபோது விசையைத் தட்டத் தட்ட விரல் பின்தங்கியது. நெற்றி வியர்வை விசைப்பலகையில் சொட்டியது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவன் உண்மையாகத் தேர்வு எழுதினான். பள்ளிக்கூடத்தில் கூட இவ்வளவு உயிரைக் கொடுத்து எழுதியதில்லை.

முடிந்தது. ஹோல்ம் திரும்ப வந்தார். எதையோ பார்த்தார், முகம் மலர்ந்தது.

போன வருஷத்து அளவேதான், ஏறக்குறைய புள்ளிக்குப் புள்ளி என்றார். மண்டை உனக்குக் கருங்கல், அதே பழைய ஆள்தான் நீ, அம்மாவின் மெயில் வந்ததும் முகாமுக்கு டிக்கெட் போடச் சொல்கிறேன் என்றார். திரை அணைந்தது.

ஹர்ஷா நாற்காலியை விட்டு எழவில்லை.

அவன் தெரிந்தே தப்பாக எழுதி வாங்கிய மதிப்பெண். இன்று ஒன்றுகூட வேண்டுமென்று விடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதியதற்கும் அதே மதிப்பெண். அந்தச் சுமார் முட்டாளை அவன்தான் கற்பனை செய்து உருவாக்கினான். இன்று அவன் நாற்காலியில் அந்த ஆள்தான் உட்கார்ந்திருந்தான்.

உலகத்தில் இது தனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று நினைத்தான். எதிரே காபி டம்ளரை வைத்தாள் அம்மா.

"ஏழாங்கிளாஸ்ல நீ பெருக்கல் வாய்ப்பாடு இருபத்தஞ்சு வரைக்கும் ஒப்பிப்ப," என்றாள். "இந்த மார்க் உன்னோடது இல்ல."

அவன் அணைந்த திரையையே பார்த்தான்.

"எக்ஸாம் ஹால்ல எவ்வளவு பிள்ளைங்களப் பாத்திருக்கேன். தெரியாம முழிக்கறவன் மூஞ்சி வேற, தெரிஞ்சுண்டே விடறவன் மூஞ்சி வேற. இன்னிக்கு நீ முழிச்ச. அப்போ போன வருஷம் இதே மார்க் எப்படி வந்தது?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். உடைந்து உடைந்து ஒட்டிய முட்டிகள் டம்ளரைச் சுற்றிக் கிழங்கு மாதிரி புடைத்திருந்தன.

"எல்லாரும் செய்வாங்கம்மா."

"சரி," என்றாள் கல்யாணி. "இன்னிக்கு நீ நேர்மையாத்தான் எழுதின. அத நாளைக்கு நான் மெயில் போட்டுடுவேன், அது உண்மை. மத்தத நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

போகாதே என்று அவள் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சண்டை அவனுக்குத் தெரிந்த வித்தை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போன் அதிர்ந்தது. அணியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவிவிட்டிருந்தது. கரடி படங்கள், கை முஷ்டி படங்கள், பியர் படங்கள். 'காவல்காரன் திரும்புகிறான்' என்று யாரோ போட்டிருந்தான். ஹர்ஷா அதையெல்லாம் மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் படித்தான். இந்த ஊருக்கு வந்த பிறகு அவனுக்கு ஒரே நாளில் இத்தனை பேர் பேசியது அன்றுதான்.

விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கோவளம் பக்கம் போய் ஈ.சி.ஆரைப் பிடித்துத் தெற்கே திரும்ப வேண்டும். கடல் இடது பக்கம் இருந்தால் சரியான வழி. அவனால் தவறவிட முடியாத ஒரே அடையாளம் கடல்தான். திருவிடந்தையில் சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் இறங்கினான். வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். கண் கூசாமலிருக்க அலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கடற்கரைக்கு வந்து கடலைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பவன் அங்கே அவன் ஒருத்தன்தான்.

சொல்லாமலிருந்தால் என்ன? ஒரே ஒரு சீசன். கையுறையை உதற வேண்டிய நேரம் வராமலேகூடப் போகலாம். வந்தாலும், எத்தனை பேர் இதைவிட மோசமான தலையோடு ஆடியிருக்கிறார்கள். சொன்னால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே இல்லை: எஃப் வரைக்கும் உள்ள டவர்களுக்கு நடுவே, யாருக்கும் பெயர் தெரியாத ஓர் உயரமான ஆள்.

போன் அடித்தது. லூகா. அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். பின்னணியில் தட்டுகள் மோதின.

பையன் உற்சாகத்தில் மூச்சு விடாமல் பேசினான். புது கோச் அவனை முதல் வரிசையில் போட்டிருக்கிறாராம். இந்த வருஷம் ஆடுகளத்து மூலைகளுக்குள் பயப்படாமல் புகுந்து வட்டை எடுத்து வரச் சொல்லியிருக்கிறாராம்.

"நீ பின்னாடி இருக்கேன்னா நான் திரும்பிப் பாக்கவே மாட்டேன்," என்றான் லூகா. "நேரா போவேன்."

ஹர்ஷா மணலைக் கையில் அள்ளினான். மார்ச்சில் கீழே விழுந்ததுகூடத் தன் கால் அரை நொடி பிந்தியதால்தான் என்பது அவனுக்கு அப்போதே தெரியும். திரும்பிப் பார்க்காமல் ஒருவன் நேராகப் போகிறான். பின்னால் இருப்பவன் எந்த டவர் தன்னுடையது என்று யோசித்துக்கொண்டு நிற்கிறான்.

"லூகா, ஒண்ணு கேக்கறேன். நீ ஆரம்ப டெஸ்ட்ட எப்படி எழுதின?"

லூகா சிரித்தான். "என்ன கேள்வி? நீதானே சொல்லிக் குடுத்த. மூணுக்கு ஒண்ண விடு, ரொம்ப விடாதேன்னு. மூணு தடவ அடிபட்டும் நான் ஒரு மேட்ச்கூட மிஸ் பண்ணல. உனக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்."

"மூணா?"

"உனக்குத் தெரிஞ்சது ஒண்ணு. ரெண்டு நான் சொல்லல. விடு, நீயே சொல்லுவியே, எழுந்து நடந்தா போதும்னு."

லூகா இன்னும் ஏதேதோ சொன்னான். அவன் சிரித்த இடங்களில் ஹர்ஷாவும் சிரித்தான். போனை வைத்த பிறகு வெகுநேரம் அங்கேயே இருந்தான். ஏழு சீசனாக இந்தப் பையனையும் இவனுக்கு முன்னால் இருந்த பொடியன்களையும் இடித்தவர்களை எல்லாம் அவன் தேடிப்போய் அடித்தான். மூன்றுக்கு ஒன்றை விடு என்று சொல்லிக் கொடுத்தவனை அடிக்க யார் வருவார்கள்?

வெயில் ஏறி, கண் பொறுக்காமல் போன பிறகுதான் எழுந்தான்.

ஹோல்முக்கு அன்று சாயங்காலம் போன் செய்தான். வீடியோவை அணைத்துவிட்டுப் பேசினான். ஒரு பேச்சு தயாரித்து வைத்திருந்தான், அதில் முதல் வரி மறந்துவிட்டது. ஆகவே நேராகச் சொன்னான். என் பழைய அளவு பொய். ஏழு வருஷமும் பொய். நேற்று எழுதியது மட்டும்தான் நிஜம். வழி தெரியவில்லை, எண்ணிக்கை நிற்கவில்லை, வெளிச்சம் ஆகவில்லை.

மறுமுனையில் ஹோல்ம் பேனாவை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. உனக்கு மட்டும்தானா, மற்றவர்களும் அப்படித்தானா என்று மெதுவாகக் கேட்டார்.

இந்தக் கேள்வி வரும் என்று ஹர்ஷாவுக்குத் தெரியும். தன்னைப் பற்றிச் சொன்னால் அவன் ஓய்வு பெற்றவன். அடுத்தவனைப் பற்றிச் சொன்னால் காட்டிக் கொடுத்தவன். உடைமாற்றும் அறையில் இரண்டாவது வகைக்கு நாற்காலி போட மாட்டார்கள். அவன் போன பிறகும் அவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

"எல்லாரும்தான்," என்றான். "லூகாவுக்கு இதுவரைக்கும் மூணு. உங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கும். அவனுக்குச் சொல்லிக் குடுத்தது நான்."

ஹோல்ம் நன்றி சொன்னார். இங்கே நல்ல நரம்பியல் மருத்துவரைப் பார், ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு என்றார். அவர் குரலில் இருந்தது வருத்தமா கோபமா என்று பிரித்துப் பார்க்கும் தெம்பு ஹர்ஷாவுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழுவிலிருந்து அவனை நீக்கியிருந்தார்கள். திட்டு ஒன்றும் இல்லை. கடைசியாக இருந்தது பழைய பியர் படம்தான், அதற்குக் கீழே நீக்கப்பட்டீர்கள் என்ற சாம்பல் வரி. எல்லோருடைய தேர்வும் ரத்தாம், புதிதாக வேறு விதமாக வைக்கப் போகிறார்களாம், முதல் வரிசையில் இரண்டு பேர் முகாமுக்கே வரக்கூடாது என்றுவிட்டார்களாம். இதை அணியின் பக்கத்தில் செய்தியாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டான். இரண்டு பேரில் ஒருவன் லூகா. ஹர்ஷா அவனுக்கு ஒரு செய்தி எழுதினான். அழித்தான். வேறு மாதிரி எழுதி அனுப்பினான். இரண்டு நீல டிக் விழுந்தது. படித்துவிட்டான். அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க போனைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தான். வந்ததெல்லாம் சங்கத்தின் குழுவில்தான்: தண்ணீர் லாரி வருகிறது, பேஸ்மெண்டில் யாரோ பந்து தட்டும் சத்தம் கேட்கிறது, தயவுசெய்து தவிர்க்கவும். யாரோ என்பது அவன்தான். மத்தியான வேளையில், கார்களெல்லாம் ஆபீஸ் போன பிறகு, காலியான தரையில் பழைய ஸ்டிக்கை வைத்து ஒரு ரப்பர் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பான். தலைக்குத்தான் எண்ணிக்கை நிற்கவில்லை. கைக்கு இன்னும் எல்லாம் நினைவிருந்தது. பந்து ஸ்டிக்கின் நுனியில் ஒட்டிக்கொண்டு தூண்களைச் சுற்றி வந்தது, பதினாறு வயதில் வந்த மாதிரியே. அதைப் பார்க்க அங்கே ஒரு பழைய மாருதியைத் தவிர யாரும் இல்லை. அவன் சத்தம் வராமலிருக்கப் பந்தின் மேல் அம்மாவின் சாக்ஸ் ஒன்றை மாட்டினான்.

செங்கல்பட்டில் டாக்டரைப் பார்த்துவிட்டு, பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மாறித் தனியாகவே திரும்பிய அன்று நல்ல மழை. நானும் வருகிறேன் என்று கிளம்பிய அம்மாவை அவன்தான் வேண்டாமென்று சொல்லியிருந்தான். ராமதாஸ் நாற்காலியில் இல்லை. கேட்க ஆளில்லை. மஞ்சள் டவர்கள் மழையில் ஒன்றோடொன்று கரைந்து நின்றன. இதுதான் என்று ஒன்றில் ஏறினான், லிஃப்டை விட்டு இறங்கினான், நடையில் நின்றான். ஒரே மாதிரி நான்கு கதவுகள். எதிலும் எதுவும் இல்லை. முன்பென்றால் ஒரு பெல்லை அடித்துப் பார்ப்பான். இப்போது கை எழவில்லை. கீழே இறங்கி, நனைந்துகொண்டே அடுத்த டவருக்குப் போனான்.

அங்கே ஏழாவது மாடியில், இடது பக்கத்துக் கடைசிக் கதவின் வெளிப்பக்கம், ஒரு காய்ந்த மாலை தொங்கியது. இதழெல்லாம் கருகி, நார் தெரிந்தது. கல்யாணம் முடியும்வரை பூஜை அலமாரியை விட்டு நகரக்கூடாத மாலை.

அவன் அதன் எதிரே ஈரச் சட்டையோடு நின்றான். பையில் போன் அதிர்ந்தது. லூகாவோ என்று அவசரமாக எடுத்தான். ஜெபகுமார். டி டவர் ஏழாவது மாடியில் கதவுக்கு வெளியே காய்ந்த பூ தொங்குகிறது, பூச்சி வரும், உரியவர்கள் அப்புறப்படுத்தவும் என்று குழுவில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே கல்யாணி ஒரே வரியில் பதில் போட்டிருந்தாள்: அது அங்கேதான் இருக்கும்.

ஹர்ஷா போனைப் பைக்குள் போட்டான். பெல்லை அடித்தான்.